அறுவைக்குப் பின் வரும் ஆண்டுகள்

சுவிட்சர்லாந்தில் அறுவை மருத்துவத்தையும் ஆய்வையும் ஒருசேரப் பயிலத் தொடங்கியிருக்கும் இளம் தமிழ் மருத்துவருக்கு,

உறுப்பு மாற்று அறுவையும், அடைபட்ட தமனிக்கு மாற்றுவழி அமைத்துக் காலைக் காப்பாற்றும் பைபாஸ் அறுவையும் இன்று தனித்தனித் துறைகளாகப் பிரிந்துவிட்டாலும், இரண்டுக்கும் அடிப்படை ஒரே தையல்தான் என்பதை இத்துறைக்குள் வருபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் அலெக்சி காரெல் 1902-இல் வெளியிட்ட முறை அது. அறுபட்ட குழாயின் விளிம்பில் மூன்று இடங்களில் தாங்குநூல் கோத்து இழுத்தால் வட்டமான வாய் முக்கோணமாகும். ஒவ்வொரு பக்கமும் நேர்கோடாகிவிடுவதால், எதிர்ச்சுவரையும் சேர்த்துக் குத்திவிடாமல் தைத்து முடிக்கலாம். தானமாக வந்த சிறுநீரகத்தை இடுப்புக் குழாய்களோடு இணைப்பவரும், சிரையொன்றைக் கணுக்காலருகே தமனியில் பொருத்துபவரும் காரெலின் மாணவர்களே. ஆனால் கைத்திறன் கற்பிக்க அறுவைக் கூடத்தில் ஆசிரியர்கள் பலர் உண்டு; இக்கடிதம் வலியுறுத்துவது, வீடு திரும்பிய நோயாளியைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடரும் பழக்கத்தை.

அந்தப் பழக்கத்தின் மதிப்பை அறிய பேர்ன் நகரத்தின் வரலாறே போதும். 1922-இல் அயோடின் கலந்த உப்பு வரும்வரை ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு சுரப்பி வீங்கிப் பெருத்து மூச்சையும் அழுத்தும் நோய், மிகப் பரவலாக இருந்தது. பேர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் கோஹர் அச்சுரப்பியை இரத்தப்போக்கு அதிகமின்றி அகற்றுவதில் நிகரற்றவராக விளங்கினார்; அவரிடம் நோயாளிகள் பிழைத்தனர், புண்கள் ஆறின, அன்றைய அளவுகோலில் அது முழு வெற்றி. 1882-இல் ஜெனீவாவின் ழாக்-லூயி ரெவெர்தான், சுரப்பியை முழுதாக இழந்தவர்கள் சில மாதங்களில் சோர்ந்து மந்தமாகிவிடுவதைக் கோஹரிடம் எடுத்துக் கூறினார். கோஹர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. தம்மிடம் அறுவை செய்துகொண்டு போனவர்களைத் திரும்ப அழைத்தார். முகம் உப்பி, தோல் வறண்டு, பேச்சும் நினைவும் தளர்ந்து வந்து நின்றவர்களுள், 1874-இல் பதினொரு வயதில் சுரப்பி அகற்றப்பட்ட ஒரு பெண்ணும் இருந்தாள். வளர்ச்சி நின்றுபோன அவளைத் தங்கை உயரத்தில் கடந்திருந்தாள். 1883 ஏப்ரலில் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் மாநாட்டில் தம் கையால் விளைந்த இக்கேட்டைக் கோஹரே விரிவாக எடுத்துரைத்தார். அதே ஆண்டு ஜூலையில், சுரப்பியை இழந்த ஒரு நோயாளிக்கு வேறொருவரின் தைராய்டுத் திசுவைப் பொருத்திப் பார்த்தார். பொருத்திய திசு நிலைக்கவில்லை எனினும், இழந்த உறுப்பின் வேலையை இன்னோர் உறுப்பைக் கொண்டு மீட்கலாம் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட அந்த முயற்சியையே நவீன உறுப்பு மாற்றின் தொடக்கமாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். தைராய்டு குறித்த பணிகளுக்காக 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நோயாளிகளை அவர் அழைத்துப் பார்க்காதிருந்தால் இவற்றுள் எதுவும் நடந்திருக்காது.

கால் அறுவையிலும் நிலைமை இதுதான். 1948-இல் பாரிசில் ழான் குன்லின், நோயாளியின் காலிலிருந்தே நீள்சிரையை எடுத்து, அதனுள் இருக்கும் அடைப்பிதழ்கள் ஓட்டத்தை மறிக்காதபடி தலைகீழாகத் திருப்பி, அடைப்புக்கு மேலும் கீழும் தமனியின் பக்கவாட்டில் இணைத்தார். காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லப்பட்ட பலருக்கு அன்றுமுதல் வேறொரு வழி கிடைத்தது. இந்தத் தையலை அருகிலிருந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம்: தமனியின் சுவரில் ஊசி எப்போதும் உள்ளிருந்து வெளியே வருமாறு செலுத்தப்படுகிறது, ஏனெனில் வெளியிலிருந்து குத்தினால் உட்சுவரில் படிந்த கொழுப்பும் சுண்ணமும் பெயர்ந்து குழாயை மீண்டும் அடைக்கும். இடுக்கியும் வெளியுறையை மட்டுமே பற்ற வேண்டும். உட்படலத்தில் பட்ட ஒரு கிள்ளல், அன்று மாலை நாடி நன்றாகத் துடித்தாலும், சில மாதங்களில் அவ்விடத்தில் தடிப்பாகிக் குழாயைச் சுருக்கலாம். அறுவைக் கூடத்தில் செய்த பிழை புறநோயாளிப் பிரிவில்தான் தெரியவரும் என்பதால், தைத்தவரே அங்கும் இருந்து பார்ப்பது நல்லது.

சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் தம் வீட்டுச் சமையலறை மேசையில் உருவாக்கிய, தமனி அடைப்பை உள்ளிருந்தே திறக்கும் பலூன் குழலை 1974 பிப்ரவரியில் ஒரு நோயாளியின் கால் தமனியிலும், 1977 செப்டம்பரில் இதயத் தமனியிலும் விரித்தார். அவருடைய 1979-ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் 50 இதய நோயாளிகளுள் 32 பேருக்கே பலன் கிடைத்ததாகத் தெளிவாகச் சொல்கிறது. எஞ்சிய 18 பேரை மறைக்காத அந்த நேர்மையே மற்றவர்கள் அம்முறையை நம்பிக் கற்கக் காரணமாயிற்று. இன்று காலுக்குப் பலூனா, சிரையா என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை: 2022-இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, நல்ல நீள்சிரை உள்ளவர்களுக்கு பைபாஸே மேல் என்றது, மறு ஆண்டு வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புகளில் பலூன் வழியே மேல் என்றது. ஏதேனும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வது எளிது. இளம் ஆய்வாளர் அவசரப்படாமல், தம் மருத்துவமனையில் எந்தக் கால் எத்தனை ஆண்டு நிலைத்தது என்று எண்ணிப் பார்ப்பது மேலானது.

மாற்று உறுப்பை உடல் நிராகரிப்பதைத் தடுத்த சைக்ளோஸ்போரினும் இந்நாட்டில் பிறந்ததே. நார்வே மண்ணிலிருந்து வந்த ஒரு பூஞ்சையில் அதன் ஆற்றல் 1972-இல் பாசல் நகரின் சான்டோஸ் ஆய்வகத்தில் தெரியவந்தது. ழான் போரெல், ஹார்ட்மன் ஷ்டேலின் இருவருள் கண்டுபிடிப்பு யாருடையது என்ற சர்ச்சை பின்னர் நெடுநாள் நீடித்தது வருத்தத்துக்குரியது. தேதியிட்ட ஆய்வேட்டையும் கூட்டாளிக்கு உரிய பெயரையும் இளையவர் முதல் நாளிலிருந்தே பேணட்டும். சைக்ளோஸ்போரின் உடல் முழுவதன் எதிர்ப்பாற்றலையும் தாழ்த்துவதால் தொற்றும் புற்றுநோயும் சிறுநீரகச் சேதமும் நேரக்கூடும். உயிர்காக்கும் கல்லீரலுக்காக அதைத் தாங்கலாம், ஒரு கைக்காகவோ காலுக்காகவோ தாங்கலாமா என்பது கடினமான கேள்வி. பேர்ன் ஆய்வாளர்கள் பாஸ்டன், பெங்களூரு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014-இல் இதற்கு ஒரு விடை தேடினர்: அழற்சி எழும்போது மட்டும் கரைந்து, எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும் டாக்ரோலிமஸ் மருந்தை வெளியிடும் ஒரு கூழை, எலிக்குப் பொருத்திய மாற்றுக் காலிலேயே ஒரே முறை ஊசியாகச் செலுத்தியபோது, அக்கால் 100 நாட்களுக்கு மேல் நிராகரிக்கப்படாமல் இருந்தது. பேர்னிலேயே அதற்கு முன், பன்றியின் துண்டித்த காலுக்கு உடலுக்கு வெளியே இரத்தம் செலுத்தி 12 மணி நேரம் பேணியும் காட்டியிருந்தனர். மனிதர் வரை இப்பாதை நீள வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள இளையவர்கள் தேவை.

இந்நாட்டுத் தமிழரிடையே நீரிழிவு மிகுதி; முதல் தலைமுறையினர் பலர் உணவகங்களிலும் பராமரிப்பு இல்லங்களிலும் நின்றே உழைத்து மூப்படைந்தவர்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துவரும் எண் 0.9-க்குக் கீழே இறங்கினால் கால் தமனியில் அடைப்பு என்று பாடநூல் சொல்லும். ஆனால் நீரிழிவில் தமனி சுண்ணமேறி விறைத்துவிடுவதால் அந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும், அப்போது கால்விரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் கேட்டால் ‘நல்லம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழும் அம்மாவிடம், எத்தனை தூரம் நடந்தால் கெண்டை பிடிக்கிறது, இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறதா, செருப்புக் கடித்த புண் எத்தனை கிழமையாக ஆறவில்லை என்று அவர் மொழியிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளும் வாய்ப்பு இந்த இளம் மருத்துவருக்கு உண்டு. அக்குறிப்பை ஆறு மாதத்திலும், ஓராண்டிலும், ஐந்தாண்டிலும் அதே ஏட்டில் அவர் தொடரட்டும்.