மலைச்சரிவில் கட்டுமானம்: நிலத்தை மதிப்பிடும் முறைகள்

மலைப்பகுதியில் சாலைக்கோ மின் நிலையத்திற்கோ திட்டம் வகுக்கும்போது, சிமெண்டு, எஃகு, கூலி ஆகியவற்றின் செலவை மிகுந்த கவனத்துடன் கணக்கிடுகிறோம். இவை அனைத்தையும் தாங்கப்போகும் நிலத்தை ஆராய்வதற்கான தொகையோ, சிக்கனம் தேவைப்படும் வேளையில் பல நேரங்களில் முதலில் குறைக்கப்படுகிறது. இதன் பொருள் என்ன என்பதை உத்தரகண்டின் சமோலி மாவட்டத்திலுள்ள ஜோஷிமட் நகரின் வரலாறு உணர்த்துகிறது.

ஜோஷிமட் தரும் பாடம்

அலக்நந்தாவும் தவுலிகங்காவும் கூடும் விஷ்ணுபிரயாகைக்கு மேலே, சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இந்நகர் உள்ளது. இங்கு நிலம் தாழ்வதை ஆராய, அன்றைய கடுவால் ஆணையர் மிஸ்ராவின் தலைமையில் அமைந்த குழு 1976-இல் அறிக்கை அளித்தது. நகரம் உறுதியான பாறையின் மீது அமையவில்லை. பழைய நிலச்சரிவு குவித்த மணலும் கற்களும் கலந்த படிவின் மீதே அமைந்துள்ளது என்று அக்குழு கூறியது. நிலத்தின் தாங்குதிறனைச் சோதிக்காமல் கட்டுமானத்தை அனுமதிக்கலாகாது. சரிவின் அடியிலுள்ள பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றலாகாது. மரங்களைக் காக்க வேண்டும். நீர் உட்புகாதவாறு வடிகால் அமைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

பின்னர் நகரம் வளர்ந்தது. வடிகால் வசதி அதற்கேற்ப வளரவில்லை. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல்கள் கணக்கெடுக்கப்பட்டன. குடும்பங்கள் பல தங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

அரிமானத்தை அளவிடல்

மழைநீர் அரித்துச்செல்லும் மண்ணை மதிப்பிட, அமெரிக்க அறிஞர்களான விஷ்மையரும் ஸ்மித்தும் உருவாக்கிய பொது மண் இழப்புச் சமன்பாடு உதவுகிறது. மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் அரிபடும் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், தாவரப் போர்வை, பாதுகாப்பு முறை ஆகிய காரணிகள் இதில் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. எனவே, மற்றவை மாறாதிருப்பினும், தாவரப் போர்வையை அகற்றுவது ஒன்றே இழப்பைப் பன்மடங்காக்கும். இச்சமன்பாடு விளைநிலங்களுக்காக உருவானது. மேற்பரப்பு அரிமானத்தை மட்டுமே இது காட்டும். ஆழ்ந்த நிலச்சரிவைக் காட்டாது. செங்குத்தான மலைகளில் இதன் விடையை, இரு இடங்களை ஒப்பிடுவதற்குரிய அளவாகக் கொள்வதே முறை.

நிலைப்புத் தன்மையை அறிதல்

சரிவைக் கீழே இழுக்கும் விசையையும், அதைத் தடுத்து நிறுத்தும் வலிமையையும் ஒப்பிடுவது அடுத்த படியாகும். பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. எடுத்துக்காட்டாக, இழுவிசை 100, தடுப்பு வலிமை 150 எனில் காரணி 1.5, சரிவு நிலைத்திருக்கும். மழைநீர் உட்புகுந்து மண் துகள்களுக்கிடையே அழுத்தம் பெருகி, தடுப்பு வலிமை 95 ஆகக் குறைந்தால் காரணி 0.95 ஆகிவிடும், நிலம் நகரத் தொடங்கும். சரிவின் அடியை வெட்டுவதும் இவ்விளைவையே தரும். ஆகவே, கோடையில் எடுத்த அளவுகள் மட்டும் போதா. மழைக்காலத்து நிலத்தடி நீர்மட்டமும் தேவை.

மண்ணின் உறுதியை அறிய, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச்செய்து, குழாய் 30 செ.மீ. இறங்குவதற்கு எத்தனை அடிகள் தேவை என எண்ணுவர். கற்கள் கலந்த படிவில் இச்சோதனை ஏமாற்றக்கூடும். குழாய் ஒரு பாறாங்கல்லின் மீது முட்டினால், அடியில் பாறைப்படுகை இருப்பதாகத் தோன்றும். மேலும் சில மீட்டர் துளையிட்டு மாதிரி எடுத்தால்தான் உண்மை புலப்படும்.

பரந்த பகுதிக்கு, 1998-இல் வெளியான இந்தியத் தர நிர்ணயம் 14496, பகுதி 2 வழிகாட்டுகிறது. பாறை வகை, பாறை அமைப்பு, சரிவின் சாய்வு, நிலப் பயன்பாடு ஆகியவற்றுக்குத் தலா 2. உயர வேறுபாடு, நிலத்தடி நீர் ஆகியவற்றுக்குத் தலா 1 என உச்ச மதிப்பெண் 10. மொத்தம் 6-ஐத் தாண்டினால் அபாயம் மிகுந்த பகுதி, 7.5-ஐத் தாண்டினால் மிகக் கடுமையான பகுதி.

செலவை ஏற்பவர் யார்?

ஆய்வுச் செலவு திட்டத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. ஆய்வு இல்லாமையால் விளையும் செலவோ, திட்டத்தோடு தொடர்பில்லாத குடும்பங்களின் மீது, பல ஆண்டுகள் கழித்து விழுகிறது. கணக்கில் வராத இச்செலவைக் கணக்கில் கொணர்வதே திட்ட மதிப்பீட்டின் கடமை.

இதற்கு மூன்று நடைமுறைகள் உதவும். நில ஆய்வு முடியுமுன் நிதி ஒப்புதல் வழங்கலாகாது. ஆய்வின் நிபந்தனைகள் ஒவ்வொரு கட்டட அனுமதியிலும் இடம்பெற வேண்டும். சரிவின் நகர்வையும் நீர்மட்டத்தையும் அளக்கும் கருவிகளுக்கும், அவற்றைப் பார்த்துவரும் பணியாளருக்கும், கட்டுமானம் முடிந்த பின்னரும் நிதி ஒதுக்க வேண்டும். அறிக்கை எழுதிய அதிகாரி மாறிச் செல்வார்; ஆனால் நிலத்தின் இயல்பு மாறுவதில்லை. ஆதலால், அவருக்குப் பின் வருவோரையும் கட்டுப்படுத்தும் விதியாக அறிக்கை மாறினால்தான் அது பயன் தரும்.