முதல் கேமுக்கு எந்த எஞ்சின்?

ஆரணிப் பட்டுத்தறியை வைத்து ஒரு கேம் செய்வதாக வைத்துக்கொள்வோம். பாவு நூல்கள் ஏறி இறங்கும். அந்த இடைவெளியில், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவைச் சரியான நேரத்தில் எறிய வேண்டும். தப்பினால் நூல் அறும். ஓய்வு நேரத்தில் கேம் செய்யப் பழகும் ஒருவருக்கு இது அளவான வேலை. இதற்கு எந்த எஞ்சின் எடுப்பது?

கிராஃபிக்ஸ் எஞ்சின் திரையில் வரைகிறது. பிசிக்ஸ் எஞ்சின், பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் உருள்வதையும் கணக்கிடுகிறது. யூனிட்டி, அன்ரியல், கோடோ போன்றவற்றில் இரண்டும் சேர்ந்தே வரும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் லேப்டாப்பை. அன்ரியல் 5-க்கு அதை உருவாக்கும் எபிக் நிறுவனம் பரிந்துரைப்பது 32 ஜிபி ராம். அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் கையில் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். கோடோ இலவசம், திறந்த மூலம். விற்றாலும் பங்கு கேட்காது. அதில் புதுத் திட்டம் தொடங்கும்போது ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள். ஓபன்ஜிஎல் வழியாக வரைவதால் பழைய கணினியிலும் ஓடும்.

அடுத்த சோதனையைப் பலர் செய்வதே இல்லை. நம் ஆட்களுக்கு அதுதான் முக்கியம். ‘தொடங்கு’ என்று ஒரு பட்டன் வைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத எஞ்சினில் ஒற்றைக்கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிட்டியில் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் இந்தத் தொல்லை உண்டு. ரேலிப் நூலகம் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைவதால் அங்கும் அதே கதை. 2023-இல் வந்த கோடோ 4, ஹார்ஃப்பஸ் நூலகத்தின் துணையோடு கொம்பைச் சரியான இடத்தில் போடுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் ஃபேஸர் எடுத்தாலும் கவலையில்லை. அந்த வேலையை பிரவுசரே செய்துவிடும்.

இனி பிசிக்ஸ். ஆங்ரி பேர்ட்ஸ் எரின் காட்டோ எழுதிய பாக்ஸ்2டி-யை நம்பி ஓடியது. பலகைகள் சரிந்து விழுவதுதான் அந்த ஆட்டமே. நாடா கேமில் எதுவும் சரியவோ உருளவோ போவதில்லை. நாடாவின் செவ்வகம் நூலின் செவ்வகத்தைத் தொட்டதா என்று பார்த்தால் போதும். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’வை நினைத்துப் பாருங்கள். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், இட்லி, பிரியாணி, ஒரு பழைய சமையல் குறிப்பேடு. பெட்டிகள் உருண்டு விழும் காட்சியை நம்பாமலே 2024-இல் அது பாஃப்டா விருது வாங்கியது. என்னைக் கேட்டால், முதல் கேமுக்குப் பிசிக்ஸ் எஞ்சின் தேவையே இல்லை.

ஆனால் வேகம் கூடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. கோடோவில் பிசிக்ஸ் கணக்கு இயல்பாக நொடிக்கு 60 முறை நடக்கும். நாடா நொடிக்கு 3000 பிக்சல் பாய்ந்தால் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 50 பிக்சல் தாண்டிவிடும். 4 பிக்சல் அகல நூலைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விடலாம். எஞ்சினைத் திட்டிவிட்டு வேறு எஞ்சினுக்கு மாறுவதில் பயனில்லை, அங்கும் இதேதான். பழைய இடத்திலிருந்து புதிய இடம்வரை ஒரு கோடு இழுத்து, அது நூலை வெட்டுகிறதா என்று பாருங்கள்.

சேலையின் முந்தி காற்றில் அசைய வேண்டுமா? ‘ஹிட்மேன்’ கேமுக்காகத் தான் கையாண்ட வழியைத் தாமஸ் யாகோப்சன் 2001-இல் விளக்கி எழுதினார். துணியைப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இப்போதைய இடத்தையும் முந்தைய இடத்தையும் வைத்துக்கொண்டு, பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் திருத்திக்கொண்டே போக வேண்டும். சில பத்து வரி நிரல்தான். திருத்தும் சுற்றைக் கூட்டினால் ஜரிகை போட்டதுபோல விறைப்பு ஏறும். ஒருமுறை சொந்தமாக எழுதிப் பார்த்தவருக்கு எந்த பிசிக்ஸ் எஞ்சினின் அமைப்புகளும் புரியும்.

படம் வரைய ஆள் தேட வேண்டியதில்லை. புட்டாவைக் கட்டத்தாளில் நிரப்பி, ஜக்கார்டு அட்டைக்குக் கொடுப்பவர்கள் இருக்கும் ஊர் ஆரணி. அவர்கள் செய்வதைத்தான் கேம் உலகம் பிக்சல் ஆர்ட் என்கிறது. அந்தப் படத்தைக் கேமில் பயன்படுத்தும்போது டெக்ஸ்சர் ஃபில்டரை ‘நியரஸ்ட்’ என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் கட்டங்கள் மங்கிப்போகும்.

வேலை விளம்பரங்களில் யூனிட்டி, அன்ரியல் பெயர்கள்தாம் அதிகம், மறுப்பதற்கில்லை. வேலைதான் குறி என்றால் இரண்டாவது கேமை யூனிட்டியில் செய்யுங்கள். ஆனால் நிறுவனத்தின் விதி மாறும் என்பதும் நினைவிருக்கட்டும்: நிறுவல் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் யூனிட்டி அறிவித்தது, எதிர்ப்பு கிளம்பி அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதைக் கைவிட்டது.

முதல் கேமைக் கோடோவில் ஜிடிஸ்கிரிப்ட் கொண்டே எழுதுங்கள். கோடோ 4-இல் சி ஷார்ப் எடுத்தால் வெப் ஏற்றுமதி சிக்கலாகும். முடிந்ததும் இட்ச் ஐஓ தளத்தில் பிரவுசரிலேயே ஓடும்படி இலவசமாக ஏற்றி, அந்த இணைப்பை வேலை விண்ணப்பத்தின் முதல் வரியில் போடுங்கள்.