கண்மாயும் ஒரு தாலந்தே

மறைக்கல்வி வகுப்பில் நாம் படிக்கும் மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில், ஒரு தாலந்து பெற்ற பணியாளன் அதை மண்ணில் புதைத்து வைத்தான். அவன் எதையும் திருடவில்லை. ஆயினும் சோம்பேறி எனத் தலைவர் கடிந்துகொண்டார்.

நம் எழுமலை வட்டாரத்திற்கு இறைவன் தந்த தாலந்து மழை. அதைச் சேர்த்து வைக்க முன்னோர் கண்மாய் வெட்டினர். கோடையில் ஊரார் கூடி வண்டல் அள்ளினர், கரையை உயர்த்தினர், வரத்துக் கால்வாயையும் மடையையும் சீர்செய்தனர். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாயிற்று. இதுவே குடிமராமத்து. அவ்வுழைப்பைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது! (அன்பினால் செய்ததைச் சட்டத்தால் செய்விப்பது கடினந்தான்.) 2017இல் தமிழக அரசு அதற்கு மீண்டும் உயிரூட்டியது.

அப்பணியாளன் தோண்டிப் புதைத்தான். நாமோ தோண்டாமலே புதைக்கிறோம். ஒரு முழம் வண்டல் படிந்த கண்மாயில் ஒரு முழத் தண்ணீர் குறைகிறது.