டீஸல் படகின் வடிகட்டியும் வாக்குவம் கேஜும்

டீஸல் விசைப்படகு நடுக்கடலில் நின்றுபோவதற்கு எண்ணெய் வடிகட்டி அடைபடுவது ஒரு முக்கிய காரணமாகும். அலை மிகுங்காலத்தில் தொட்டியின் அடியிலுள்ள கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் நின்ற படகு பாறையில் மோதவும் கூடும். இவ்வபாயத்தை முன்னதாக உணர்த்துவது வாக்குவம் கேஜ்.

இது வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே பொருத்தப்பட்டு, பம்பின் இழுப்பைப் பாதரச அங்குலக் கணக்கில் காட்டும். புதிய வடிகட்டி பொருத்தியவுடன் படகைப் பூரண வேகத்தில் ஓட்டி, முள் நிற்குமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக ஓடுகையில் எண்ணெய் குறைவாகச் செல்வதால், அடைப்பிருந்தாலும் முள் அதிகம் உயராது. தொட்டி தாழ்ந்திருப்பின் ஏறத்தாழ 16 அங்குல இறக்கத்திற்கு முள் 1 அங்குலம் காட்டும், அது பழுதன்று.

பின்னர் அதே வேகத்தில் முள் நாளடைவில் உயருமாயின், வடிகட்டி அடைபட்டு வருகிறதென அறிக. புதிய வடிகட்டியிட்டும் முள் தாழாவிடில் குழாய், வால்வு, தொட்டியின் காற்றுத் துவாரம் ஆகியவற்றில் தடை உண்டாவெனப் பார்க்க வேண்டும். முள் தாழ்ந்திருந்தும் எஞ்சின் தடுமாறினால், இணைப்புகளில் காற்றுப் புகுகின்றதா எனச் சோதிக்க வேண்டும்.

தயாரிப்பாளர் குறித்த எல்லையை முள் எட்டுமுன், படகு துறையிலிருக்கும்போதே வடிகட்டியை மாற்றுதல் நலம்.