பாசிமாலையில் ஒரு கணக்குப் பாடம்

எங்கள் அம்மா வீட்டிலேயே பாசிமாலை கோத்து விற்கிறார்கள். மாதிரி, ஆச்சியின் பழைய கண்ணாடிப் பாசிமாலைதான். (அரிக்கமேட்டில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிப் பாசி செய்தார்கள்!)

பழைய பொருள் கடையில் அறுந்த மாலைகளை வாங்குவோம். பாசியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் கண்ணாடி, இல்லாவிட்டால் பிளாஸ்டிக். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் கோப்போம்.

ஒரு மாலைக்குப் பாசி 40 ரூபாய். நரம்பு, கொக்கி 10 ரூபாய். 70 ரூபாய்க்கு விற்றோம். "20 ரூபாய் லாபம்!" என்று குதித்தேன். கணக்கு டீச்சர், "அம்மா எவ்வளவு நேரம் கோத்தாங்க?" என்றார்கள். இரண்டு மணி நேரம்! அப்போ, அது லாபமே இல்லை. மணிக்கு 10 ரூபாய் கூலிதான்.

அடக்கவிலை = பொருள் + கூலி

இப்போது மணிக்கு 40 ரூபாய் கூலி சேர்க்கிறோம். 50 + 80 = 130. லாபம் 20. விலை 150. சிலர் வாங்காமல் போனார்கள். ஆனாலும் நஷ்டம் இல்லை.

ஒருவர் ஆச்சி மாலையையே 500 ரூபாய்க்குக் கேட்டார். எனக்கு ஆசைதான். அம்மா, "மாதிரியை வித்துட்டா நாளைக்கு எதைப் பார்த்துக் கோப்பேன்?" என்றார்கள்.

முதலை விற்று லாபம் பார்க்கக் கூடாது. சரிதானே?