கல்லூரி ஊரும் காட்சிசாலையும்: சாந்திநிகேதன், ஸ்ரீநிகேதன் தரும் பாடம்

கல்லூரி அமைந்த ஊருக்கு இருவகைச் செல்வங்கள் உண்டு. ஒன்று, பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த மாதிரிகள், படங்கள், கருவிகள், ஏடுகள் ஆகிய பொருட்செல்வம். மற்றொன்று, அவற்றின் பொருளை எடுத்துரைக்கவல்ல ஆசிரியர்களின் அறிவுச்செல்வம். இவ்விரண்டும் பெரும்பாலும் கல்லூரியின் மதிலுக்கு உள்ளேயே தங்கிவிடுகின்றன. மதிலுக்கு அப்பால் ஒரு கல் தொலைவில் வாழும் உழவருக்கோ நெசவாளருக்கோ அவை எட்டுவதில்லை. கொசுவின் வாழ்க்கைச் சரித்திரம் ஆய்வுக்கூடத்துச் சுவரில் வண்ணப்படமாகத் தொங்கும். அதே ஊரின் கோடியில் உள்ள குடிசையில் ஒரு குழந்தை குளிர்காய்ச்சலால் நடுங்கிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியை அடைப்பதே உள்ளூர்க் காட்சிசாலைக்கும் பொதுமக்கள் வகுப்புக்கும் உரிய பணியாகும்.

இப்பணி எவ்வாறு நடைபெறக்கூடும் என்பதை ஆராய்வதற்கு மேற்கு வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்தில் போல்பூர் இரயில் நிலையத்தை அடுத்துள்ள சாந்திநிகேதனும் ஸ்ரீநிகேதனும் தக்க எடுத்துக்காட்டுகள். கிராம விரிவுப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் தத்தம் ஊர்களில் கையாளத்தக்க முறைகள் பல அங்கே காணக்கிடக்கின்றன.

1. இடமும் வரலாறும்

இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1921-இல் விசுவபாரதி ஆயிற்று. 1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக ஏற்கப்பட்டது. பள்ளிக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் சுருல் என்னும் கிராமம் உள்ளது. அங்கிருந்த பழைய மாளிகை ஒன்றைத் தாகூர் 1912-இல் விலைக்கு வாங்கினார். 1922 பிப்ரவரி 6-ஆம் நாள் இலெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில வேளாண்மை அறிஞர் சில மாணவர்களுடன் அங்கே குடியேறிக் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கினார். அப்பணி நிலையமே பின்னர் ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்றது.

எல்ம்ஹர்ஸ்ட் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். கல்லூரியில் ஆராய்ந்து கண்டதை உழவரின் வயலுக்கே கொண்டுசெல்லும் விரிவுப்பணி அப்பல்கலைக்கழகத்தில் நன்கு வேரூன்றியிருந்தது. அம்முறையை அப்படியே நகல் எடுக்காமல், வங்காளக் கிராமத்தின் நிலைமைக்கு ஏற்ப மாற்றி அமைக்கவேண்டும் என்பது ஸ்ரீநிகேதனின் கொள்கையாக இருந்தது. அதனால் அங்குள்ள ஊழியர்கள் முதலில் கிராமங்களை ஆய்ந்தனர்: மக்கள் தொகை, நிலம், கால்நடை, கடன், நோய் ஆகியவற்றைக் கணக்கெடுத்தனர். கற்பித்தல் அதன் பின்னரே தொடங்கியது. இவ்வரிசையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஊரின் தேவையை அறியாமல் அமைக்கப்படும் காட்சி, வேடிக்கைப் பொருளாக முடியும்.

2. நால்வகைக் காட்சிகள்

இவ்வூரில் காணத்தக்க காட்சிகளை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, கட்டடத்துள் காக்கப்படும் காட்சி. தாகூர் 1941-இல் மறைந்ததும், அடுத்த ஆண்டிலேயே அவருடைய கையெழுத்துப் படிகள், கடிதங்கள், ஓவியங்கள், பயன்படுத்திய பொருள்கள் ஆகியவற்றைக் காக்க இரவீந்திர பவனம் நிறுவப்பட்டது. இத்தகைய காட்சிசாலைக்குப் பாதுகாப்பு முதற்கடமை. 2004 மார்ச்சு மாதத்தில் அங்கிருந்து தாகூரின் நோபெல் பதக்கம் உள்ளிட்ட பொருள்கள் களவு போயின. பின்னர் நோபெல் அறக்கட்டளை பதக்கத்தின் படிகளை வழங்கியது. ஈடுசெய்ய இயலாத பொருளின் படியை மக்கள் பார்வைக்கு வைத்து, மூலத்தைத் தனியே காத்தல் நலம் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, திறந்தவெளிக் காட்சி. இராம்கிங்கர் பேஜ் 1938-இல் சிமெண்டுக் கலவையும் செம்பாறைச் சரளையும் கொண்டு அமைத்த சந்தால் குடும்பச் சிற்பம் வெட்டவெளியில் நிற்கிறது.  ஸ்ரீநிகேதனில் ஏர்பூட்டு விழாவைச் சித்திரிக்கும் நந்தலால் போஸின் சுவரோவியமும் இவ்வகையினதே. தம் தொழிலும் தம் உருவமும் மதிப்புடன் காட்டப்பட்டிருப்பதைக் காணும் உழைப்பாளிக்கு அவ்விடம் அந்நியமாகத் தோன்றாது.

மூன்றாவது, திருவிழாக் காட்சி. ஸ்ரீநிகேதன் தொடங்கிய நாளை ஒட்டி ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் மேளா கூடுகிறது. விளைபொருள்களும் கைத்தொழிற் பொருள்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. காட்சியில் தம் பொருளை வைப்பவர் உழவரே ஆதலால், அவர் பார்வையாளராகவும் ஆசிரியராகவும் ஒருங்கே விளங்குகிறார்.

நான்காவது, நிலமே காட்சியாக அமைவது. சாந்திநிகேதனைச் சூழ்ந்துள்ள செம்மண் பூமியில் மழைநீர் அரித்த பள்ளங்களும் மேடுகளும் நிறைந்துள்ளன. இவற்றை அவ்வூரார் கோயாய் என்பர். லேட்டரைட் எனப்படும் செம்பாறை, வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் உண்டாவது. மழைநீர் மண்ணிலுள்ள சிலிக்காவையும் கரையக்கூடிய பிற உப்புக்களையும் கரைத்துக்கொண்டு செல்ல, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சி நிற்கின்றன. மண்ணின் செந்நிறத்திற்கு இரும்பு ஆக்சைடே காரணம். மேலே மரமும் புல்லும் அழிந்தபோது மழைத்துளி நேரே மண்ணைத் தாக்கி, ஓடையாகத் திரண்டு, பள்ளங்களை வெட்டுகின்றது. மண் அரிப்பைப் பற்றிய பாடத்திற்கு இதனினும் சிறந்த காட்சிப்பொருள் வேறில்லை. எல்ம்ஹர்ஸ்ட் 1922-இல் நிலத்தைக் கொள்ளையிடுதல் பற்றி ஆற்றிய சொற்பொழிவு இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது: நிலத்திலிருந்து எடுப்பதை நிலத்திற்குத் திருப்பித் தராத சமுதாயம் வறுமையுறும்.

3. வகுப்புகள்

காட்சி கேள்வியை எழுப்பும். விடை காண வகுப்பு வேண்டும். இந்நோக்கத்துடன் பல அமைப்புகள் அங்கே தோன்றின. கிராமச் சிறுவர்களுக்கென 1924-இல் சிக்ஷா சத்திரம் தொடங்கப்பட்டது. தோட்டவேலை, நெசவு, சமையல், சுகாதாரம் ஆகிய செயல்களின் வாயிலாகவே எழுத்தும் எண்ணும் அங்கே கற்பிக்கப்பட்டன. கிராமப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1937-இல் சிக்ஷா சர்ச்சா நிறுவப்பட்டது. பள்ளிக்குச் செல்ல இயலாத முதியோரும் பெண்களும் தம் வீட்டில் இருந்தே படித்துத் தேர்வு எழுதுவதற்காக, 1930-களின் பிற்பகுதியில் லோக சிக்ஷா சம்சத் என்னும் அமைப்பு உருவாயிற்று.

இத்தகைய வகுப்புகளுக்குத் தாய்மொழி நூல்கள் இன்றியமையாதவை. தாகூர் தம் எழுபத்தாறாம் வயதில், 1937-இல், விசுவ பரிசய என்னும் அறிவியல் நூலை எளிய வங்காளியில் எழுதி வெளியிட்டார். அணு உலகம், விண்மீன் உலகம், சூரிய மண்டலம், கோள்கள், பூமி என்னும் வரிசையில் அந்நூல் அமைந்துள்ளது. அதனை அவர் பௌதிக விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கினார். போஸும் தாய்மொழி வாயிலாக அறிவியலைப் பரப்ப 1948-இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவினார். 1956 முதல் 1958 வரை விசுவபாரதியின் துணைவேந்தராகவும் இருந்தார். மேதைகளே இப்பணியைத் தமக்குத் தாழ்வு எனக் கருதவில்லை.

4. மலேரியாப் பாடம்

வீர்பூம் கிராமங்கள் தேய்ந்ததற்குரிய காரணங்களில் மலேரியா தலையாயது. விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய மாதங்களில் உழவர் படுக்கையில் கிடப்பின், விதையும் எருவும் யாருக்குப் பயன்படும்? ஆகவே ஸ்ரீநிகேதன் ஊழியர்கள் தொடக்கம் முதலே குட்டைகளைத் தூர்த்தல், வடிகால் அமைத்தல், மருந்து வழங்குதல் ஆகியவற்றை மேற்கொண்டனர். கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதை இரொனால்டு இராஸ் 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கண்டறிந்திருந்தார். அவ்வுண்மை மருத்துவ நூல்களில் இடம்பெற்றுவிட்டது. கிராமத்துக் குட்டையை எட்டுவதற்கோ நெடுங்காலம் ஆயிற்று.

இப்பாடத்தை எந்த ஊரிலும் மிகக் குறைந்த செலவில் காட்சியாக அமைக்கலாம். தேவையானவை: வாயகன்ற கண்ணாடிச் சாடிகள் இரண்டு, கொசுவலைத் துணி, கயிறு, வெள்ளைக் காகிதம், கைலென்சு ஒன்று.

முதற்சாடியில் தெளிந்த குட்டை அல்லது வாய்க்கால் ஓரத்தில் எடுத்த நீரையும், இரண்டாவதில் சாக்கடைத் தேக்கத்தின் நீரையும் கொசுப்புழுக்களுடன் நிரப்புக. வாய்களை வலைத்துணியால் இறுகக் கட்டுக. புழு கொசுவாகி வெளியேறலாகாது. சாடிகளின் பின்னே வெள்ளைக் காகிதத்தை நிறுத்தினால் புழுக்கள் தெளிவாகத் தெரியும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழுவுக்கு மூச்சுக்குழல் நீட்டம் இல்லை. ஆதலால் அது நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் புழு, வால்புறத்துக் குழலை நீர்மட்டத்தில் பொருத்தித் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். வளர்ந்த அனாபிலிஸ் சுவரில் அமரும்போது உடல் சாய்வாக உயர்ந்து நிற்கும். கியூலெக்ஸ் சுவருக்கு இணையாகக் கூனி அமரும். இவ்வேறுபாட்டை ஒருமுறை கண்ணாரக் கண்டவர் மறவார்.

அடுத்து, ஒவ்வொரு நாளும் சாடியைப் பார்த்துக் குறித்துவைக்குமாறு வகுப்பினரை ஏவுக. வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை ஆகும். இதனின்று, தேங்கிய நீரை வாரம் ஒருமுறை வடித்துவிடின் புழு கொசுவாகாது என்னும் முடிவை வகுப்பினர் தாமே அடைவர். ஆசிரியர் கூறிய விதி எளிதில் மறக்கப்படும். தாம் கணக்கிட்டுக் கண்ட விதி நடைமுறைக்கு வரும். பாடத்தின் இறுதிப் பகுதி வகுப்பறையில் நிகழலாகாது. வகுப்பினர் தம் தெருவில் நீர் தேங்கும் இடங்களைக் கண்டு, வரைபடத்திற் குறித்து, அவற்றை அகற்றவேண்டும். அவ்வரைபடமும் காட்சிப்பொருளாகச் சுவரில் இடம்பெறவேண்டும். பாடம் முடிந்ததும் சாடிகளில் கொதிநீர் ஊற்றிப் புழுக்களை அழித்துவிடுக.

5. தளர்ச்சியின் விலை

இவ்வகைக் கல்வி ஓராண்டில் முடிந்துவிடுவதன்று. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாகி, 8 இலட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. டி.டி.டி. தெளிப்பினால் 1961-இல் பதிவான நோயாளர் தொகை ஏறத்தாழ 50 ஆயிரமாகக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்ற எண்ணம் பரவியது. கொசுக்கள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றன. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1976-இல் நோயாளர் தொகை 64 இலட்சத்தைக் கடந்தது. பின்னர் எடுத்த முயற்சிகளால் நோய் பெரிதும் குறைந்துள்ளது. 2030-க்குள் அதனை அறவே நீக்குவது நாட்டின் குறிக்கோள். நோய் குறையும் காலத்திலேயே மக்களின் விழிப்பும் குறைகின்றது. அக்காலத்தில் நினைவூட்டும் பொறுப்பை உள்ளூர்க் காட்சிசாலை ஏற்கவேண்டும்.

6. பணியாளருக்குச் சில குறிப்புகள்

(அ) ஒரு காட்சி ஒரு கருத்தையே உணர்த்தவேண்டும். விளக்கச் சீட்டு தாய்மொழியில், பெரிய எழுத்தில், ஐந்தாறு வரிகளுக்கு மிகாமல் அமைக. எழுதப் படிக்க அறியாதவர்க்குப் படமும் வாய்மொழி விளக்கமும் வேண்டும்.

(ஆ) பெரியோர் காணும் படங்களைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டுக. சிறுவர்க்கானவற்றைத் தாழ்த்தி மாட்டுக.

(இ) பழைய ஏடு, துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் மீது வெயில் படலாகாது. மங்கிய ஒளியே ஏற்றது. ஒளியால் வெளுத்த நிறம் மீளாது. ஈரம் மிகுந்த சுவரை ஒட்டி அவற்றை வைப்பின் பூஞ்சணம் பற்றும்.

(ஈ) ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, கிடைத்த இடம், நாள், தந்தவர் பெயர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, புகைப்படமும் எடுத்துவைக்க. வரலாறு அறியப்படாத பொருள் பாதிப் பயனையே தரும்.

(உ) வகுப்பின் நேரத்தை ஊரார் ஓய்வை நோக்கி வகுக்க. மகளிர்க்கு ஏற்ற நேரமும் ஆடவர்க்கு ஏற்ற நேரமும் வேறுபடும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் காட்சியை வகுப்பறையிலிருந்து களத்திற்குக் கொண்டு செல்க.

(ஊ) ஊராரிடமிருந்து பொருளும் அறிவும் பெறுக. உள்ளூர் நெல்வகை, ஏர், தறி, மீன்பிடி கூடை ஆகியவற்றின் பெயர்களையும் பயன்களையும் அவர்களே எடுத்துரைக்கும் நாளில்தான் காட்சிசாலை அவர்களுடையது ஆகும்.

7. ஆராய்தற்குரிய வினாக்கள்

1. தங்கள் ஊரில் நிலமே காட்சியாக அமையத்தக்க இடம் யாது? அது எந்த அறிவியல் உண்மையை விளக்கும்?

2. அருகிலுள்ள கல்லூரியில் பூட்டிக் கிடக்கும் மாதிரிகளுள் ஊராரின் உடனடித் தேவைக்கு உதவக்கூடியவை எவை? அவற்றை இரவல் பெற யாரை அணுகவேண்டும்?

3. மலேரியாப் பாடத்தைப் போல, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றி ஒரு பாடம் அமைக்க. அக்கொசு தொட்டி, பானை, பழைய டயர் ஆகியவற்றின் நீரில் பெருகிப் பகலில் கடிப்பதால், பாடத்தில் எவ்வெவ் மாறுதல்கள் தேவைப்படும்?

4. ஒரு காட்சி பயன் தந்தது என்பதைப் பார்வையாளர் தொகையால் அளப்பது போதுமா? காட்சிக்கு முன்னும் பின்னும் தெருவில் நீர் தேங்கிய இடங்களை எண்ணி ஒப்பிடும் முறையை வகுத்துக் காட்டுக.