பல்லழகு சிகிச்சையா? இதைக் கவனியுங்கள்

சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத்திலிருந்து கல்யாணத்துக்கு முன் பல்லை வெளுக்க, கம்பி கட்ட சுங்கைப் பட்டாணிக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

• மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவர் பெயரைத் தேடுங்கள். இவ்வாண்டுக்கான தொழில் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள்.

• கைதேர்ந்தவர் முதலில் ஈறையும் சொத்தையையும் சரிசெய்வார். அழகு வேலை அதற்குப் பிறகுதான்.

• அவர் நிற அட்டையைப் பல்லருகே வைத்து, பல் காய்வதற்குள் நிறம் பார்த்துவிடுவார். காய்ந்த பல் வெளிறித் தெரியும், கணக்குத் தப்பிவிடும்.

• வெனீர் என்னும் மெல்லிய தகட்டைப் பல்லின் முன்புறம் ஒட்ட, பெரும்பாலும் பல்லின் மேற்படலமான எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டிவரும். அது மறுபடி வளராது. இதைச் சொல்லாமல் நாள் குறித்தால் யோசியுங்கள்.

• வெளுக்கும் மருந்து, பல்லை அடைத்த பொருளின் நிறத்தையோ பல்லுக்குப் போட்ட உறையின் நிறத்தையோ மாற்றாது.

• மருத்துவர் தாமே செய்த சிகிச்சைகளின் முன், பின் படங்களைக் கேளுங்கள்.

• வீட்டுக்கே வந்து மலிவாக 'ஃபேஷன் பிரேசஸ்' எனும் அலங்காரப் பல்கம்பி மாட்டுபவரை நம்பாதீர்கள். ஈறு புண்ணாகும், பல் ஆட்டம் காணும். 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி, பதிவில்லாதவர் பல் சிகிச்சை செய்வது குற்றம்.

விலையை விசாரிக்கும் முன் பதிவை விசாரியுங்கள்.